காளியண்ணன் போட்ட ஜாமீன்

இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காளியண்ணன் தன் மனைவி அமுதவல்லியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடக் கல்லாங்காட்டுப்புதூர் மகளிர் கடன் சங்கத்துக்கு வந்தார். அன்றைக்கு நாமக்கல்லில் முட்டை விலை பத்துப் பைசா இறங்கியிருந்தது. சங்கத்தின் செயலாளர் மதியழகன் செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வெயில் விழுந்த எதிர் நாற்காலியில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, முழங்கை வரைக்கும் காய்ந்த பாறைத்தூள். போர் போடும் ரிக் வண்டியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கடைசியாகப் பார்த்ததற்குக் கொஞ்சம் இளைத்திருந்தாரே தவிர வேறு மாற்றமில்லை. “வரச் சொன்னீங்களாமாங்க” என்றார்.

மதியழகன் வரச் சொன்னது உண்மைதான். அமுதவல்லி வீட்டில் இரண்டு பெரிய கிரைண்டர்களையும் ஒரு பழைய பிரிட்ஜையும் வைத்துக்கொண்டு இட்லி மாவு ஆட்டி விற்றுக்கொண்டிருந்தாள். சம்பாதித்ததில் பெரும்பங்கு கரண்டு பில்லுக்கே போனது. அந்தச் சங்கம் அப்போதுதான் மொட்டை மாடிகளில் சோலார் பேனல் போடக் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. குழுப் பெண்களின் மாதச் சேமிப்போடு சங்கத்தின் பணமும் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் பேனல் ஏறும். மானியம் பின்னால் வரும். பில்லில் மிச்சமாவதைத் தவணையாகக் கட்டினால் அந்தத் தவணைப் பணம் அடுத்த வீட்டு மாடிக்கு ஏறும். அமுதவல்லியும் கேட்டிருந்தாள். ஆனால் வீடு காளியண்ணன் பேரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு ஒத்துவர மாட்டேன் என்று அவருடைய தம்பி சின்னண்ணன் மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருந்தான். ஜாமீன் நிற்கவும் ஆளில்லை. மதியழகன் மனுவைத் திருப்பிக் கொடுத்து, “ஊட்டுக்காரரே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டுங்க அக்கா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அமுதவல்லி வீட்டுக்கு வந்து, கிரைண்டர் கல்லைக் கழுவியபடியே அந்த வாக்கியத்தை எரிச்சலோடு வாய்விட்டு ஒருமுறை சொன்னாள். அதைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. பிறகு யார் யாரோ வந்து, என்ன பூசை செய்தாய், எந்தக் கோயிலுக்குப் போனாய் என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

மதியழகன் விதிக்கு மாறாக ஒரு காரியமும் செய்யாதவர். பழைய சேமிப்புக் கணக்கில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தியது. பிறகு ஜாமீன்தாரருக்கான விதிகளை வாசித்துக் காட்டினார். பெயரில் பாக்கி இருக்கக் கூடாது. ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு கடனுக்குத்தான் ஜாமீன் நிற்கலாம். கடன் முடியும்வரை, அதாவது மூன்று வருடம், சங்க எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். கடைசி விதியைக் காளியண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “முடியற வரைக்கும் இந்த ஊர்லயே இருக்கோணுமாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மீசை அரும்பின வயதில் ரிக் ஏறியதிலிருந்து அவர் ஓர் ஊரில் சேர்ந்தாற்போல இரண்டு மாதம் தங்கியதில்லை. “சரிங்க, இருக்கறனுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எதற்கும் இருக்கட்டுமே என்று மதியழகன் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த மேலலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே இருந்தவர் துணைவிதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குடியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, உயிரோடிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

காளியண்ணன் இறந்ததில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. உடல் ஆம்புலன்சில் ஊர் வந்தது. அமுதவல்லியே பக்கத்தில் நின்று எல்லாச் சடங்கும் முறையாகச் செய்வித்தாள். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் காளியண்ணன் வீட்டில் இருந்தது மழைக்காலங்களில் மட்டும். மழையில் வண்டி காட்டுக்குள் இறங்காது என்பதால் அப்போது ஆட்களை ஊருக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பையோடு வாசலில் நிற்கும்போது அமுதவல்லி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை மாவு கொடுத்துவிட்டுத் திரும்பியவள், முற்றத்து வெயிலில் நின்ற கணவரைப் பார்த்ததும் பழக்கத்தில் அதையே கேட்டாள்.

“எத்தன நாளைக்கு?”

“மூணு வருசத்துக்கு” என்றார் காளியண்ணன்.

அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய கணக்கை அவள் கேட்டதே இல்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பாடு அழுதுவிட்டு வந்து உளுந்தை ஊறப்போட்டாள்.

அவர் வெயிலில்தான் தெரிந்தார். வீட்டுக்குள் வந்தால் வாசலைத் தாண்டியதும் காணாமல் போய்விடுவார். அதனால் மாடியே அவருக்கு இடமானது. ஈரோட்டிலிருந்து பேனல் மாட்ட வந்த பையன்கள் அவரை வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்துக் கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். சொந்தக்காரர்தான், பிடித்துக்கொண்டார். அதன் பிறகு காலையில் வெயில் ஏறி இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரியத் தொடங்கும்போது அவரும் மாடியில் இருப்பார். பேனலில் படியும் புழுதியைத் துண்டால் துடைப்பார். எச்சம் போட வரும் மைனாக்களை விரட்டுவார். துணிக்கொடியின் நிழல் பேனலில் விழுகிறது என்று அதை அவிழ்த்து வடக்குப் பக்கம் கட்டினார். மேகம் வந்தால் குக்கர் ஆவி மாதிரி வெளிறிப்போவார், மேகம் விலகினால் திரும்பவும் கெட்டிப்படுவார். பொழுது இறங்கியதும் இருக்க மாட்டார். ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தபோது பத்துப் பதினைந்து நாள் ஆளே இல்லை. உயிரோடு இருந்தவரைக்கும் மழை பெய்தால்தான் வருவார், இப்போது மழை பெய்தால் போய்விடுகிறார் என்பது அமுதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

வீதி முதல் இரண்டு மாதம் அண்ணாந்து பார்த்தது. செத்துப்போன தங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம், அங்கே நான் யாரோடும் பழகவில்லை என்று காளியண்ணன் உள்ளதைச் சொன்னார். அப்புறம் யாரும் வரவில்லை. தம்பி சின்னண்ணன் மட்டும் ஒருநாள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு மாடி ஏறினான். அண்ணனும் தம்பியும் ஒரே திசையைப் பார்த்தபடி உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. சின்னண்ணன் இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட்டான். மகள் அகல்யா சேலத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் முதலில் அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். இல்லை. அடுத்த ஞாயிறு, வெயிலிலேயே நிற்கிறாரே என்று ஒரு தொப்பி வாங்கிவந்தாள்.

முதல் கோடை முழுக்க அமுதவல்லி அவரோடு சண்டை போட்டாள். மிளகாய் காயப்போட மாடிக்கு வருவாள், ஒவ்வொன்றாகக் கேட்பாள். அகல்யா பிறந்தபோது ஏன் வரவில்லை, மாமியார் படுக்கையில் கிடந்தபோது எங்கே போனீர்கள், காதுத்தோட்டை அடகு வைத்தது தெரியுமா. காளியண்ணன் நினைவிருக்கிறவற்றுக்குப் பதில் சொன்னார். அகல்யா பிறந்தபோது துளை போடும் பிட் பாறைக்குள் சிக்கிக்கொண்டது என்றார்.

“ஆயிரம் அடி கீழ போயி அந்தப் பிட்ட எடுக்கத் தெரிஞ்சுதல்லங்க? ஒரு பஸ் ஏறி ஊட்டுக்கு வரத் தெரியல.”

“எடுக்காம வந்தா சம்பளத்துல புடிச்சிருவாங்க அம்மணி.”

“புடிச்சாப் புடிக்கட்டும்னு வந்திருக்கோணும்.”

“வந்திருக்கோணும்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மிளகாயைக் கிளறிவிட்டாள். இப்படியே போய், ஆடி மாதம் பிறப்பதற்குள் இருபத்துச் சொச்சம் வருடத்துச் சண்டையும் தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு உளுந்து விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கொரோனா வந்தது. ரிக்குகள் எல்லாம் திருச்செங்கோட்டு ரோட்டோரம் வரிசையாக நின்றன. வீதியின் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருந்தது அந்த வருடம்தான். முகக்கவசம் போடாமல் நின்றவர் காளியண்ணன் ஒருவர், யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. வேலையில்லாமல் இருந்த ஆண்கள் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, பேனல் எப்படி ஓடுகிறது, மிச்சக் கரண்டு கம்பி வழியாகத் திரும்பிப் போனால் மீட்டர் எப்படி எண்ணும் என்றெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வீதியில் ஒவ்வொரு மாடியாக நீலம் ஏறியது. அமுதவல்லி மூன்றாவது கிரைண்டர் வாங்கினாள். ஊரடங்கு முடிந்தபோது திருச்செங்கோட்டு மெஸ் ஒன்று அவளிடம் தினப்படி மாவு எடுத்தது. மாதம் பிறந்தால் தவணை கட்டுகிற முதல் ஆள் அவள்தான். குழுக் கூட்டத்தில் மதியழகன் மற்றவர்களுக்கு அவளைத்தான் காட்டுவார்.

அப்படிப்பட்டவள் கடைசித் தவணையைக் கட்டவில்லை.

ஒரு மாதம் போனது, இரண்டாவது மாதமும் போனது. மதியழகன் இரண்டு தடவை ஆளனுப்பினார். பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினாள். விதிப்படி, கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். மதியழகன் தானே மாடி ஏறி வந்து காளியண்ணன் கையில் நோட்டீசைக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். காளியண்ணன் அதை வெயிலில் பிடித்து நிதானமாகப் படித்தார். அமுதவல்லி துணி எடுக்க வந்தபோது நீட்டினார்.

“காசு இல்லையா அம்மணி?”

“இருக்குது.”

“அப்பறம்?”

“கட்டுனா நீங்க போயிருவீங்க.”

அவள் துணிகளை மடித்துக்கொண்டே, “போனா எங்க போவீங்க?” என்று கேட்டாள்.

“தெரியல. ரிக்குல ஏறறப்பவும் எந்த ஊருன்னு சொல்ல மாட்டாங்க” என்றார் காளியண்ணன்.

நாலு வீடு தள்ளி சுகன்யா இருந்தாள். அவள் கணவன் ரிக்கில் ராஜஸ்தான் போய் இரண்டு வருடமாகிறது. பணமும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. இரண்டு பவர் மிஷின்களை வைத்துக்கொண்டு நைட்டி தைத்தாள். பேனல் போட்டால் நிமிர்ந்துவிடலாம், ஆனால் வீதியில் ஒவ்வொருவரும் ஏற்கெனவே யாராவது ஒருவருக்கு ஜாமீன் நின்றுகொண்டிருந்தார்கள். மீதி இருந்தது காளியண்ணன். அவர் பெயர் விடுபட வேண்டுமானால் அமுதவல்லியின் கடன் முடிய வேண்டும். சுகன்யா மாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாசலிலேயே நின்று சொன்னாள்: “அண்ணன் போடறேன்னுட்டாருங்க்கா. ஊட்ல கேக்கோணும்னாரு. நீங்க முடியாதுன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“என்னால ஆகாது சுகன்யா” என்றாள் அமுதவல்லி. சுகன்யா தலையாட்டிவிட்டுப் போனாள். உண்மையிலேயே அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்பது அவள் நடந்து போன விதத்திலேயே தெரிந்தது. அமுதவல்லிக்கு அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. அந்த மாதம் சுகன்யா வீட்டில் பில் கட்டாததால் மின்வாரியத்தார் வந்து பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். தையல் சத்தம் நின்றது. அமுதவல்லி கிரைண்டரை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தமில்லாத வீடு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதனாலேயே தேவையில்லாதபோதும் கிரைண்டரை ஓடவிட்டாள். மாடியில் காளியண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போலப் பேனலைத் துடைத்தார். அவர் கேட்டிருந்தால் அவளும் சண்டை போட்டு மறுத்திருப்பாள்.

ஒரு முற்பகலில் சரக்கு ஆட்டோ ஒன்று வீதியில் வந்தது. பின்னால் சுகன்யாவின் தையல் மிஷின் கயிற்றில் கட்டிக் கிடந்தது. அது விழாமல் பிடித்துக்கொண்டு சுகன்யா உட்கார்ந்திருந்தாள். சங்ககிரியில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டிருந்தாராம். அமுதவல்லி மாவுக் கையோடு ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். ஓட்டி வந்தவர் ஹாரனை அழுத்திப் பார்த்தார். அவள் நகரவில்லை. தனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம், இதே வீதியில், இதே மாதிரி ஒரு ஆட்டோவில், அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோவை விற்க ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டு தான் உட்கார்ந்து போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யாரும் மறிக்கவில்லை.

“மிஷின எறக்கி உள்ள வையி” என்றாள். “நாளைக்குச் சங்கத்துக்கு வாரேன். நீயும் வா.”

மறுநாள் காலையில் புறப்படும் முன் மாடிக்கு ஏறினாள். காளியண்ணன் தொப்பியோடு நின்றிருந்தார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதா, போய்வாருங்கள் என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “துணி காஞ்சா மட்டும் எடுத்து வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சங்கத்தில் கடைசித் தவணையை அபராதத்தோடு கட்டினாள். மதியழகன் ரசீது போட்டு முடித்து, கடன் பத்திரத்தில் காளியண்ணன் பெயரை அடித்தார். அடித்த கையோடு வாசலைப் பார்த்தார். சுகன்யாவும் பார்த்தாள். அமுதவல்லி மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளியண்ணன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். மேகம் மறித்தது என்றார். வெயில் விழுந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுகன்யாவின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். விதிகளை மதியழகன் திரும்பவும் வாசித்தார். கடைசி விதியை இந்தத் தடவை காளியண்ணன் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் சுகன்யாவின் மாடியில் இருந்தார். ஜாமீன் எங்கேயோ ஆள் அங்கே என்பது அந்தச் சங்கத்தில் எழுதாத வழக்கமாகிவிட்டது. முதல் சில நாள் அமுதவல்லி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத் துணிக்கொடியில் சேலைகளாகவே காயப்போட்டாள். வெறும் மாடியில் பேனலைத் துடைக்கும்போது துண்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்துவிடுவாள். பிறகு ஒருநாள் சேலைகளை விலக்கி, “உளுந்து இன்னைக்கு எறங்கியிருக்குதுங்க” என்று கத்திச் சொன்னாள். நாலு மாடி தள்ளியிருந்து, “எவ்வளவு?” என்று அவர் கத்தினார். இரண்டு வருடம் அப்படிப் போனது. நடுவில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் அவர்கள் குடும்ப விஷயம் எல்லாம் தெரிந்துபோயிற்று. சுகன்யா நான்கு மிஷின் போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, கடனைக் கெடுவுக்கு முன்பே கட்டி முடித்தாள். ராஜஸ்தானிலிருந்து அவள் கணவன் ஒருநாள் போன் செய்தான். அவள் எடுத்து, வேலையாக இருக்கிறேன், பிறகு பேசு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் மோகனூரிலிருந்த ஒரு சிறிய சங்கம் இதனோடு இணைந்து, எல்லை காவிரிக் கரை வரைக்கும் நீண்டிருந்தது. அங்கே வாழைக்காய் சிப்ஸ் போடும் ராஜம்மாள் என்பவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. மதியழகனிடம் நம்பர் வாங்கிக்கொண்டு நேராக அமுதவல்லிக்கே போன் செய்தார்.

“ஏனுங்க, உங்கூட்டுக்காரர எங்கூருக்கு அனுப்ப முடியுங்களா?”

அமுதவல்லி போனைக் காதில் வைத்தபடி சுகன்யாவின் மாடியைப் பார்த்தாள். மோகனூர் அவள் மாடியிலிருந்து தெரியாது.

“மாடியில தென்ன மர நெழலு விழுதுங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க. நல்ல வெயிலு.”

“சிப்சு எண்ண வாடை அவருக்கு ஆவாது. காத்தோட்டமாப் பாத்துக்குங்க. மத்தபடி ஒரு தொந்தரவும் இல்லீங்க.” போனை வைக்கும் முன், “நானே கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

அவர் ஊரூராகப் போன காலத்தில் ஒரு தடவைகூட அவள் கூடப் போனதில்லை. அடுத்த புதன்கிழமை கிரைண்டரைச் சுகன்யாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, நல்ல சேலையாக ஒன்று உடுத்தி, அவரோடு நாமக்கல் போய் மோகனூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள். கிழக்குப் பக்கம் வெயில் விழும் ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்துப் பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் வந்து அவளுக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

“அண்ணனுக்குங்க்கா?”

“மோகனூர் ஒண்ணு.”

“ஆம்பளைங்களுக்கு டிக்கெட்டு உண்டுங்க.”

“தெரியுமுங்க” என்று அமுதவல்லி நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் முன்பக்கம் போனார்.